அத்தையின் வலது கண்

ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்த அத்தை, நடு வசனத்தில் நிறுத்திப் பக்கத்தைப் புறங்கையால் துடைத்தார். முடி ஏதோ ஒட்டியிருப்பதாக நினைத்தாராம். மறுபடியும் துடைத்தார். சபை காத்திருந்தது. அந்தக் கறுப்பு இழை காகிதத்தில் இல்லை. அவர் கண்ணுக்குள் மிதந்தது.

அத்தை, என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாத்தூர்ப் பக்கம் அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ், ஊருக்கெல்லாம் 'சிஸ்டர்'. சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் விடமாட்டார். அவருக்கும் பல வருடங்களாகச் சர்க்கரை இருந்தது. எழுத்து மங்கும்போதெல்லாம் கண்ணாடியை மாற்றிக்கொண்டாரே தவிர, கண்ணின் உள்ளே யாரையும் பார்க்கச் சொல்லவில்லை.

மதுரைக்கு நான்தான் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டுச் சோதித்த டாக்டரம்மா, விழித்திரையின் இரத்தக் குழாய்கள் சர்க்கரையால் பழுதாகிக் கசிந்திருப்பதாகச் சொன்னார். "வலியே இருக்காது சிஸ்டர். அதனாலதான் எல்லாரும் பிந்தி வர்றாங்க." லேசரும் ஊசியும் இடது கண்ணைக் காத்தன. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சின.

"வேலைய விட்டுட்டு விருதுநகர்ல எங்ககூட இரும்மா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் அப்பா. அன்பாகச் சொன்னதுதான். அத்தைக்குச் சுருக்கென்றது. "ஒரு கண்ணுதாம்ண்ணே போயிருக்கு. வாயும் காலும் அங்கனயேதான் இருக்கு." சொன்னபடி வேலைக்குத் திரும்பினார். தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே சிந்தும். படியிறங்கும்போது கால் தடுமாறும். யாரும் கைகொடுக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு அவர் அழுததும் எனக்குத் தெரியும். தட்டினால் உள்ளிருந்து அதட்டல்தான் வரும்.

அத்தையின் நிலையத்தில் அடுத்து நடந்த இரண்டு நாள் கண் முகாமின் முதல் நாளில், ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவரும் வரவில்லை. மறுநாள் காலையிலேயே அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போய், வேலையாட்களை ஏற்றி வந்த வேனுக்கு முன்னால் நின்றுவிட்டார். போர்மேன் ஓடிவந்தார்.

"சீசன் நேரம் சிஸ்டர். லோடு போகணும். பொம்பளைகள அனுப்பிட்டு ஆர்டருக்கு நான் என்ன செய்ய?"

"கண்ணு மங்குனவ கையில வெடிமருந்தக் குடுத்து உக்கார வைப்பீகளா? சர்க்கரை இருக்கிறவுகள மட்டுமாவது அனுப்புங்க."

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரித்தாள். "எங்களுக்கு நல்லாத் தெரியுதே சிஸ்டர்!"

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அந்த ஜன்னலருகே போனார். "எனக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது தாயி. அதுலதான் ஏமாந்தேன்."

போர்மேன் தலையைச் சொறிந்தபடி, சர்க்கரை உள்ளவர்களுக்கு மாற்றாள் போட்டுவிட்டு முகாமுக்கு அனுப்பிவைப்பதாக ஒப்புக்கொண்டார். அத்தை அவர்கள் கிளம்பும்வரை நகரவில்லை. சிரித்த பெண்ணின் கண்ணில்தான் கசிவு இருந்தது. நேரத்தில் லேசர் வைத்துவிட்டார்கள். பார்வை பிழைத்தது.

அத்தை ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது எனக்கும் சர்க்கரை. பார்வை தெளிவாக இருக்கிறது. இருந்தும் வருடந்தவறாமல் விழித்திரையைக் காட்டிவிடுகிறேன். போன மாதம் ஆமத்தூரில் பஸ் ஏறும்போது, அத்தையின் கால் படியைத் தேடுவதைக் கண்ட நடத்துநர் கைநீட்டினார். "பாத்து ஏறுங்கம்மா."

கையைத் தட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்து ஏறினார் அத்தை. "பாத்துத்தாம்லே ஏறுதேன். நீ சுகர் பாத்து எம்புட்டு நாளாச்சு?"

நடத்துநர் விசிலை வாயில் வைத்தவர், ஊத மறந்து நின்றார்.