மூன்று தடவையும் இருபத்தைந்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு வேலையிடத்துக்கு ஒரு ரெலிபோன் வந்தது. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து. பேசியவர் கெமிஸ்ரி ரீச்சர். பின்னேரம் மூன்றரைக்கு வர முடியுமா என்று கேட்டார். பிள்ளைக்குச் சுகமில்லையா என்றேன். சுகம்தானாம். பூச்சியம் வாங்கியிருக்கிறாளாம்.

பூச்சியமா? கார்த்திகாவா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். முதல் பனி விழுந்த நேரம், எங்கள் கட்டடத்தில் லிப்ற் பழுதான நாட்கள்… எல்லாவற்றையும் குறித்து வைப்பவன் நான். மகளின் சயன்ஸ் புள்ளிகளும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னிடம் இருக்கின்றன. அந்த வரிசையில் இப்படி ஒரு எண்ணே கிடையாது.

இப்போது அவள் ஓ.ஏ.சி. படிக்கிறாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம் – நாங்கள் ஊரில் படித்த ஏ.எல். மாதிரி. இந்த வருடப் புள்ளியைப் பார்த்துத்தான் யூனிவேர்சிற்றி இடம் தரும். விண்ணப்பம் போய்விட்டது. இந்த நேரத்தில் கெமிஸ்ரியில் பூச்சியம் என்றால்?

மூன்று இருபத்தைந்துக்கே போய்விட்டேன். ரீச்சர் உயரமான பெண்மணி. நிதானமாகப் பேசினார். பக்கத்தில் கார்த்திகா தரையைப் பார்த்தபடி இருந்தாள். மேசையில் அவளுடைய பரிசோதனை அறிக்கை.

நாங்கள் ஏ.எல்.லில் நியமிப்பு என்று படித்த அதே பரிசோதனைதான். குடுவையில் அமிலம். மேலே அளவி என்ற கோடு போட்ட குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மெல்லிய ரோஸ் நிறம் வந்ததும் நிறுத்தி, எத்தனை மில்லிலீற்றர் போனது என்று எழுத வேண்டும். மூன்று தடவை. கார்த்திகா எழுதியிருந்தது: 25.0, 25.0, 25.0.

இவ்வளவு வருடம் படிப்பித்தும் தனக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்லை என்றார் ரீச்சர். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிள்ளை கவனமானவள் என்றேன்.

அவர் இன்னும் இரண்டு அறிக்கைகளை எடுத்து வைத்தார். வேறு வேறு மேசைகளில் செய்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்கும் மூன்று தடவை இருபத்தைந்து. பிறகு அமிலப் போத்தலைக் காட்டினார். அதை வேண்டுமென்றே தண்ணீர் கலந்து வலிமை குறைத்து வைத்தவர் அவர்தான். எவ்வளவு குறைத்தார் என்று கண்டுபிடிப்பதுதான் பரிசோதனையே. ஒழுங்காக அளந்தால் இருபத்திரண்டரைக்குக் கிட்டத்தான் வரும். இருபத்தைந்து வரவே வராது.

ஆகவே இது பொய்க் கணக்கு. பூச்சியம். அது மட்டுமல்ல, துணை அதிபருக்கு ஒரு கடிதமும் போகும். அது பிள்ளையின் கோப்பில் இருக்கும்.

இருபத்தைந்து எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மூன்று பிள்ளைகளும் போகும் சனிக்கிழமை ரியூசன். நேசன் மாஸ்ரர். ஊரில் ஏ.எல். கெமிஸ்ரியில் பெயர் எடுத்தவர். இங்கே கிழமை நாட்களில் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலை, சனிக்கிழமை தன் வீட்டு பேஸ்மென்றில் வகுப்பு. அவர் வைத்திருப்பது ஊர்ப் பரீட்சைத் தாள்கள். அந்தக் கணக்குகளில் அமிலமும் காரமும் ஒரே வலிமை. இருபத்தைந்து எடுத்தால் இருபத்தைந்து போகும். அளவியில் என்ன வந்தாலும் கொப்பியில் இருபத்தைந்துக்குக் கொண்டுவந்து எழுதியவர்கள்தானே நாங்கள் எல்லோரும்? நானும்தான்.

ஆனால் இதை ரீச்சருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் வழக்கம் என்றா?

மகளின் பக்கம் திரும்பினேன்.

"நீ உண்மையா அளந்தனியோ இல்லையோ?"

"அளந்தனான் அப்பா."

"என்ன வந்தது?"

பையைத் திறந்து ரியூசன் கொப்பியை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 22.6, 22.4, 22.5. மூன்றும் சிவப்புப் பேனாவால் வெட்டப்பட்டிருந்தன. மேலே 25.0. பக்கத்தில் மாஸ்ரரின் கையெழுத்தில், தமிழில் ஒரு குறிப்பு.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இதுதான் வகுப்பிலேயே நல்ல அளவு என்றார். பிறகு அந்தக் குறிப்பில் விரலை வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

மொழிபெயர்த்தேன். "பிழை. கவனம் போதாது."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உனக்குச் சந்தேகம் வரவில்லையா, யாரிடமும் கேட்கவில்லையா என்று கார்த்திகாவிடம் கேட்டார். அவள் ரீச்சரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"அப்பாட்டக் கேட்டனான். நீங்கள் பேப்பர் வாசிச்சுக்கொண்டு, 'மாஸ்ரர் சொன்னா அது கரெக்ற்தான்' எண்டனீங்கள்."

கேட்டிருப்பாள். சொல்லியிருப்பேன். லிப்ற் எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்தவனிடம் அதற்கு மட்டும் குறிப்பு இல்லை.

இதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான ஆங்கிலம் பேசியதில்லை.

ரீச்சர் யோசித்துவிட்டு முடிவு சொன்னார். கடிதம் போகாது. ஆனால் பூச்சியம் பூச்சியம்தான் – கையில் தந்தது பொய்யான அறிக்கை. வேண்டுமானால் வியாழன் பள்ளி முடிந்ததும் புதுப் போத்தலோடு தனியே வந்து செய்யலாம், அதற்கு வேறு புள்ளி. மற்ற இருவருக்கும் அதே சலுகை.

அன்று பின்னேரமே நேசன் மாஸ்ரருக்கு ரெலிபோன் எடுத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"உது அவையின்ர போத்தில் பிழை, தம்பி," என்றார்.

போத்தல் பிழையாம். சொல்லுங்கள், இந்த மனிதரோடு என்ன செய்வது? இனிக் கார்த்திகா வரமாட்டாள் என்றேன். சோதினை கிட்ட வருகிற நேரத்தில் பிள்ளையை மறிக்கிறேனே என்று அவருக்கு என்மேல் வருத்தம்.

வியாழக்கிழமை லாப்புக்கு வெளியே நாற்பத்தெட்டு நிமிடம் நின்றேன். கார்த்திகா வெளியே வந்தாள். கையில் மெல்லிய ரோஸ் கறை.

"கரெக்ற்றா வந்ததோ?"

"ஐ டோன்ற் நோ, அப்பா. வந்ததை எழுதினனான்."

நேற்று அறிக்கை திரும்பி வந்தது. இருபதுக்குப் பதினேழு. பூச்சியத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், புள்ளி மறுபடி நிமிர இன்னும் இரண்டு பரிசோதனை ஒழுங்காகச் செய்ய வேண்டும், செய்துவிடுவாள். குறைந்த மூன்று புள்ளியும் முதல் அளவுக்காக. கை நழுவிக் கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டாள். இந்தப் புதுப் போத்தலுக்கு 19.8 வரவேண்டிய இடத்தில் 20.7. அதை அப்படியே எழுதியிருந்தாள், கை நழுவியது என்ற வரியோடு.

அந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் திருத்தியிருக்கலாமே என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது… விழுங்கிக்கொண்டேன்.