ஓய்வூதியக் கூட்டத்தில் தலையாட்டாதவன்

கூட்டத்துக்குப் புறப்படும்போதே மனைவி எச்சரித்துத்தான் அனுப்பினாள்.

"இஞ்சை பாருங்கோ, அங்கை போய் வாயைத் திறக்காதேங்கோ. அவையள் கதைக்கிறதைக் கேட்டுட்டு வாங்கோ. ஊரிலை தம்பி இருக்கிறான்."

ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு சிறு நகரசபையில் நடக்கும் ஓய்வூதியக் கூட்டத்துக்கும் என் தம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. சமாதானம் முறிந்து ஊரில் மறுபடி சண்டை தொடங்கிய ஆண்டு அது. தொலைபேசி அடித்தால் யார் எடுப்பது என்று ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நானும் அவளும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நிற்போம்.

நான் அந்த நகரசபையின் முதியோர் இல்லத்தில் சமையல்காரன். ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தை எங்கே முதலிடுவது என்று தீர்மானிக்க ஒரு குழு இருந்தது. அதில் ஊழியர் பிரதிநிதியாக இருக்க ஒருவருக்கும் விருப்பமில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். போனால் கோப்பி, சுடச்சுட வாஃபிள், அதன்மேல் பழுப்புச் சீஸ். அதுவரை அங்கே பயப்படும்படி எதுவும் நடந்ததில்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், நாட்டின் எண்ணெய்ப் பணத்தை வைத்திருக்கும் பெரிய நிதியம் அணுகுண்டுகளுக்குப் பாகங்கள் செய்யும் கம்பனிகளின் பங்குகளை விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் சின்ன நிதியத்திலும் அதே கம்பனிகளின் பங்குகள் இருந்தன. எனக்கு அது அப்போதுதான் தெரியவந்தது. குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவன் நான். ஓடிவந்த இடத்தில் குண்டுக்கே பங்காளியாகிப்போனேன். என் முதுமைக்கான சோறு அந்த அடுப்பில்தான் வெந்துகொண்டிருந்தது.

அன்று அந்தப் பங்குகளை விற்பதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். குழுவில் ஐந்து பேர். தலைவி பின்னல் ஊசியோடுதான் எந்தக் கூட்டத்துக்கும் வருவார். பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார். அவரும் ஒரு தாதியும் விற்கச் சொன்னார்கள். கணக்காளரும் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் வேண்டாம் என்றார்கள். கணக்காளர் நல்ல மனிதர். வாஃபிள் சுட்டுக்கொண்டு வருபவரும் அவர்தான்.

"இந்தக் குண்டுகளை ஒருவரும் போடப்போவதில்லை. பயமுறுத்துவதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார் அவர், எனக்கு ஒரு வாஃபிளை நீட்டியபடி.

அந்தக் குழுவில் கை உயர்த்தும் வழக்கம் இல்லை. தலைவி ஒரு கம்பனியின் பெயரை வாசித்துவிட்டு மேசையைச் சுற்றிப் பார்ப்பார். சம்மதம் என்றால் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான். அதுவரை மற்றவர்களின் தலைகளே போதுமாக இருந்ததால் என் தலையை ஒருவரும் கவனித்ததில்லை. அன்றும் விற்கச் சம்மதமா என்று கேட்டு முதல் கம்பனியின் பெயரை வாசித்தார். தாதியின் தலை அசைந்தது. எதிர்ப்பக்கத்து இரண்டு தலைகளும் அசையவில்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் கழுத்து இறுகிவிட்டது.

எங்கள் ஊரில் ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி என்று ஒருவன் இருந்தான். ராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் ஆமிக்காரர் இளைஞர்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்துவந்து வரிசையில் விடுவார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடியபடி அவன் இருப்பான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் இயக்கப் போராளி என்று சொல்லி லொறியில் ஏற்றுவார்கள். எனக்கு அசையவில்லை. எனக்குப் பின்னால் நின்றவனுக்கு அசைந்தது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் அவன். திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகு நான் எதற்கும் தலையாட்டுவதில்லை. "ஓம் எண்டு தலையாட்டினால் கழுத்துக் கழண்டு விழுந்திடுமோ?" என்று மனைவி பகிடி பண்ணுவாள். சிரித்துச் சமாளிப்பேன்.

"நீங்கள் எதிர்ப்பா?" என்று தலைவி கேட்டார். ஊசிகள் நின்றுவிட்டன.

வெளியே முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகெல்லாம் வியர்வை. இது கம்பனியடா, மனிதன் இல்லை, இதை ஒருவரும் லொறியில் ஏற்றப்போவதில்லை என்று எனக்கு நானே சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். அது எனக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியவில்லையே.

"என்னால் தலையாட்ட முடியாது. வாயால் சொல்கிறேன். விற்க வேண்டும்" என்றேன்.

ஏன் முடியாது என்று கணக்காளர் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். என் நோர்வேஜிய மொழி தடக்கித் தடக்கித்தான் வந்தது, ஆனாலும் சாக்கு, ஜீப், லொறி எல்லாம் அவர்களுக்கு விளங்கியது. பிறகு கணக்காளர் பக்கம் திரும்பினேன்.

"அந்தத் தலையாட்டியையும் பயமுறுத்தத்தான் வைத்திருந்தார்கள். முக்கால்வாசி நேரம் அவன் தலை அசைவதேயில்லை. அந்த அசையாத தலைக்குத்தான் ஊரே நடுங்கியது. ஒருவரும் போடாத குண்டு என்கிறீர்கள். நான் இன்னும் நடுங்குகிறேன், பாருங்கள்."

மேசையில் வைத்த என் கையை அவர் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் கையை எடுக்கவில்லை.

தலைவி பின்னலைப் பைக்குள் வைத்தார். "இன்றைக்கு எல்லோரும் வாயாலேயே சொல்லுவோம்" என்று முதல் பெயரை மறுபடி வாசித்தார். கணக்காளர் எதிர்ப்பு என்றார். இரண்டாவது பெயருக்கும் அதையே சொன்னார். மூன்றாவதுக்கு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒவ்வொரு பெயருக்கும் விற்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால், வரிசையில், மூச்சு விடும் தூரத்தில் ஒருவன் நிற்பதுபோல் இருந்தது. கடைசிப் பெயர் முடியும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.