வெக்கைக்கு எழும்பாத விதை

மங்கையற்கரசியின் இரண்டு கைகளும் முழங்கை வரை ஈரச் சாக்குக்குள் போய்விட்டன. விரல்கள் ஊறிய நெல்லுக்குள் மெல்ல நகர்ந்து, நடுவில் ஓரிடத்தில் நிற்கின்றன. கண்கள் மூடியிருக்கின்றன. "உள்ளுக்குச் சூடு பிடிச்சிட்டு. ஓரம்தான் இன்னும் குளிருது. வைக்கலக் கொண்டாங்க." வைக்கோல் வருகிறது. சாக்கைச் சுற்றி அதை அடைத்து, மேலே பலகை, பலகையின் மேல் கல். விடிந்தால் அந்த நெல்லெல்லாம் வெள்ளை மூக்கு நீட்டியிருக்கும்.

குருக்கள்மடம் என்ற அந்த ஊரில் விதைப்புக் காலம் வந்தால் மங்கையற்கரசியின் வாசலில் பல வீட்டுச் சாக்குகள் கிடக்கும். மழையில் நனைந்த நெல்லைக்கூட முளைக்கவைக்கிற கை என்று ஊரில் பெயர். சாக்குக்குப் பக்கத்தில் யாரையும் தும்ம விடமாட்டார். முளை பிந்தினால் நெல்லைப் பெயர் சொல்லித் திட்டுவார். பழுதான விதை என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளமாட்டார். "விதை என்ன செய்யும்? எல்லாம் பாக்கிறவள்ர கையிலதான் இருக்கு."

போன தை மாதம் அந்தப் பேச்சுக்குச் சோதனை வந்தது. காத்தான்குடி நிஸ்றா தேங்காய் வாங்க வந்தபோது ஒரு சிறிய சலாது விதைப் பக்கற்றையும் கொண்டுவந்தார். நீள பணிசு ரொட்டிக்குள் கோழியும் சலாது என்கிற லெட்டூஸ் இலையும் வைத்து, வீட்டிலேயே சப்மரின் செய்து விற்கிறவர் நிஸ்றா. இலை குளிர் மலையான நுவரெலியாவிலிருந்து லொறியில் வரும். வந்து சேரும்போது பாதி அழுகியிருக்கும்.

"எங்கட வளவுல ஒரு பூச்சாடி வைக்கவும் இடமில்ல. நீங்க ஒருக்காப் போட்டுப் பாருங்களன் மங்கையக்கா."

"பெருநாளுக்கு முதல் இலை தாறன், போ."

தெரிந்த வேலையைத்தான் செய்தார். விதையை ஊறவைத்து, துணியில் முடிந்து, வைக்கோலுக்குள் புதைத்து, கல்லும் வைத்தார். ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த பிடி விதைக்கு வைக்கோலைக் கூட்டினார். பழங்கஞ்சி வாடைதான் வந்தது.

அடுத்த ஒழுங்கையில் இருக்கும் வினாயகமூர்த்தி இதை வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார். தேத்தண்ணிக் கடையில் போய், "கடுகளவு விதைக்கே கை வழங்கல்ல. இனி நம்மட நெல்லு என்னாகும்? நான் சிறுபோக விதைநெல்ல முளைக்கவைக்கக் களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டுபோகப் போறன்" என்று சொன்னார். இன்னும் இரண்டு வீட்டார் அதற்குத் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு மங்கையற்கரசிக்கு அது இலை விஷயமாக இருக்கவில்லை. போகப்போவது கையின் பெயர்.

அன்று பின்னேரம் முழுவதும் விதைகளை ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்த்தார். "செத்தது நசுங்கும். இது உறங்குது."

கணவர் கதிர்காமத்தம்பி மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். "உறங்காம என்னகா செய்யும்? நுவரெலியாக்காரிக்குக் கம்பளியப் போத்தி, மேல கல்லையும் வெச்சிருக்காய். இந்த வெக்கையில அவள் கண்ணத் திறப்பாளா?"

மங்கையற்கரசி சிரிக்கவில்லை. எழுந்துபோய் வைக்கோலை அப்படியே மாட்டுக்குப் போட்டார். மிச்ச விதையை ஈரத்துணியில் மெல்லியதாகப் பரப்பி, தண்ணீர் கசியும் மண்பானையின் அடியில், எப்போதும் குளிர்ந்து கிடக்கிற மணலில் வைத்தார். இரண்டொரு விடியலில் துணி முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

மீன்காரர் ஐஸ் போட்டுக் கொண்டுவரும் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டிகளை வாங்கி, உப்புப் போகக் கழுவி, அடியில் துளையிட்டார். ஆற்று மணல், மக்கிய சாணம், தேங்காய்த் தும்புத்தூள். சேற்றின் மேல் முளைநெல் எறிவதுபோல விதையை மேலே தூவினார்; மண் போட்டு மூடவில்லை. வெயில் ஏறினால் தென்னங்கிடுகு நிழல். "தலையில ஊத்தாதங்க, அடியில ஊத்துங்க" என்று கணவருக்குக் கட்டளை. கன்றுகள் நெருங்கியபோது பாதியைப் பிடுங்கி எறிந்தார்.

"இதப் புடுங்கத்தானா இவ்வளவு பாடு?"

"வயல் வட்டையில பயிர் நெருங்கினா நீங்க என்ன செய்வீங்க?"

கதிர்காமத்தம்பி வாளியை எடுத்தார். நட்டநடுவில் தண்டு ஓங்கிய ஒரு செடியை மங்கையற்கரசி கடித்துப் பார்த்தார். கசப்பு. அது அன்றைக்கே ஆட்டுக்குப் போனது. மற்றவை கைவிரித்த அகலத்துக்குச் சுருள் சுருளாக மடல் விட்டன.

பெருநாளுக்கு முந்திய வாரம் நிஸ்றா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வாசலில் நின்றபடியே ஒரு இலையை ஒடித்துக் கடித்தார்.

"கசப்பே இல்லக்கா. கடிக்கக்குள்ள சத்தமெல்லோ கேக்குது."

"வெட்டித் தரமாட்டன், வேரோட கொண்டு போ. வேணுமான நேரம் அடி இலைய ஒடி. நடுக்குருத்தில கை வெச்சிராத, அதுதான் திரும்ப இலை விடும்."

அந்நேரம் வினாயகமூர்த்தி விதைநெல்லுச் சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு களுவாஞ்சிக்குடி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். கடித்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கால் வேலியோரம் நின்றுவிட்டது.

"சலாதா?"

"ஓம் அண்ணன். சும்மாதானே நிக்கிறயள், இத அந்தப் பிள்ளைக்கிட்டக் குடுங்க." மங்கையற்கரசி பெட்டியைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினார்.

ஈர மண்ணோடு கனக்கிற பெட்டி. ஒரு கையால் ஏந்த முடியாது. வினாயகமூர்த்தி இலைகளைப் பார்த்தார். வீதியில் பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் தோளிலிருந்த சாக்கை மங்கையற்கரசியின் வாசல் மணலில் இறக்கி வைத்தார். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, மடல் ஒன்றும் ஒடியாமல் நிஸ்றாவிடம் கொடுத்தார்.