ஹாலோ பிளாக்கின் மேல் நின்ற கார்

எனக்குப் பயம் அதிகம். காஸ் சிலிண்டர் மாற்றினால் பயம், திருமலைப் பாதையில் வளைவு வந்தால் பயம், குழந்தை இரண்டு முறை இருமினால் பயம். என் வீட்டுக்காரருக்கு இது பழகிவிட்டது. பயமாக இருக்கிறது என்றால் "ம்" என்பார், அவ்வளவுதான்.

ஆனால் காரின் சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். ஏர்பேட்டிலிருந்து புத்தூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் 'டொக்' என்றது. "உனக்கு மட்டும்தான் கேக்குது" என்று மூன்று மாதம் சொன்னவர், ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தபோதுதான் ஒப்புக்கொண்டார். பின் அச்சைக் காரோடு இணைக்கும் இரண்டு ரப்பர் புஷ்களும் தேய்ந்து கிழிந்திருந்தன. மெக்கானிக் ஒரு வாரம் ஆகும் என்றார். "ஸ்ரீசிட்டி பேக்டரில எவ்ளோ பெரிய மிஷினெல்லாம் கழட்டி மாட்டறேன், இது இன்னா பெரிய வேலை" என்று இவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார்.

இருந்தது ஒரே ஜாக்கி. அது அச்சை ஏற்றி இறக்கத் தேவை. அதனால் பக்கத்து மனையில் வீடு கட்ட இறக்கியிருந்த ஹாலோ பிளாக் சிமெண்ட் கற்களில் நான்கைத் தூக்கி வந்து, பக்கத்துக்கு இரண்டாக அடுக்கி, பின்சக்கரங்களைக் கழற்றிய காரை அவற்றின்மேல் உட்கார வைத்தார்.

"இன்னாங்க, இது தாங்குமா?"

"இந்தக் கல்லு மேல மாடி வீடே நிக்குது. கார் நிக்காதா?"

இந்த மனிதரை வாயால் ஜெயித்தவர் கிடையாது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இடது பக்கம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. பழைய புஷ் அடம்பிடித்தது. புதியது சோப்புத் தண்ணீர் தடவியதும் உள்ளே போய்விட்டது. அவருக்கு ஒரே குஷி. வலது பக்கத்தில் போல்ட் துருவேறி இறுகியிருந்தது. கோணிப்பை மேல் மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஸ்பானரை இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கார் லேசாக ஆடியது.

அப்போதுதான் கல்லிலிருந்து பொடி உதிர்வதைப் பார்த்தேன். கோலமாவு ஒரு சிட்டிகை அளவுதான் இருக்கும். அடுத்த இழுப்பில் இன்னும் கொஞ்சம். கீழ்க்கல்லின் மூலையிலிருந்து ஒரு கோடு மேலே ஓடியிருந்தது. காலையில் அந்தக் கோடு இல்லை.

பயமாக இருக்கிறது, வெளியே வாங்க என்றால் "ம்" என்று சொல்லி இன்னொரு இழுப்பு இழுப்பார். கல் விரிகிறது என்றால், எங்கே என்று படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்ப்பார். அவர் மார்புக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"இன்னாங்க," என்றேன். என் குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "உங்க மேனேஜர் போன்ல கீறாரு. லைன் நின்னுபோச்சாம். உடனே பேசணுமாம்."

ஸ்பானர் கீழே விழுந்தது. "தோ வந்துட்டேன்னு சொல்லு" என்று முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். மேனேஜர் என்றால் அவ்வளவு மரியாதை. எழுந்து நின்று, கையை லுங்கியில் துடைத்து, போனுக்காக நீட்டினார்.

பட்டென்று கல் நொறுங்கியது. கார் வலது பக்கமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தது. அவர் படுத்திருந்த கோணிப்பை அதன் அடியில் போய்விட்டது. பக்கத்து வீட்டம்மா "ஏமைந்தி? ஏமைந்தி?" என்று, என்ன ஆச்சென்று தெலுங்கில் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

என் வீட்டுக்காரரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"போன் எங்க?" என்றார்.

என் கையில் டார்ச் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன், முதுகில் இரண்டு அடியும் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, கூட வேலை செய்பவரிடம் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை இரவல் வாங்கி வந்து காரை அவற்றின்மேல் நிறுத்தினார். ஸ்பானரோடு படுக்கப் போனவர் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பயமாக்குதா?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, நான் போதும் என்று சொல்லும்வரை காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.