சென் பேரில் பத்தொன்பது வருடம்

சந்தையில் யாராவது ‘சென்’ என்று கூப்பிட்டால் லாய் இன்னமும் திரும்பிப் பார்த்தாள். வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சென் அவளுடைய அக்காவின் பெயர்.

தென்கோடி ஊரான கா மாவிலிருந்து தொழிற்சாலைகள் நிறைந்த பின் யூங்குக்கு வந்தபோது லாய்க்குப் பதினேழு வயது. செருப்புத் தொழிற்சாலையில் பதினெட்டு முடிந்தவர்களைத்தான் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் பாதிப் பெண்கள் அக்காவின் அடையாளக் காகிதத்திலோ சித்தி மகளின் காகிதத்திலோதான் உள்ளே போனார்கள். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதைப் போலத்தான் அதை எல்லோரும் நினைத்தார்கள். கல்யாணம் முடிந்தால் நகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். லாய் பத்தொன்பது வருடம் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரவல் பெயரில் இருப்பவளுக்கு எல்லாப் பார்வையும் விசாரணைதான். வாசல் காவலாளி தொழிற்சாலை அட்டையை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால் அன்று சோறு இறங்காது. யாராவது பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால், இவள் எதற்குத் தேதியை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று தோன்றும். சந்தேகப்படுவது வேலையோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது, தையல் வந்ததைப் போல.

கண் மங்கத் தொடங்கியதும் அவளைத் தையலிலிருந்து பசை ஒட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் தலைவலியோடு ஒட்டிப் பார்த்தாள். பிறகு தானாகவே எழுதிக் கொடுத்து, முறைப்படி நோட்டீஸ் காலமான நாற்பத்தைந்து நாளும் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தாள். மேற்பார்வைக்காரி, “நல்லா யோசிச்சீங்களா, சென் அக்கா?” என்று கேட்டாள். எதற்காகக் கேட்கிறாள் என்று லாய் இரண்டு நாள் யோசித்தாள்.

புருஷன் லாம் இரும்புக் கதவுப் பட்டறையில் வேலை பார்ப்பவன். அவன்தான் பேச்சை எடுத்தான்.

“வேலை இல்லாதவங்களுக்குக் குடுக்கற காசு உனக்கும் உண்டு. போய் எழுதிக் குடு.”

“எனக்கு எங்க வேலை போச்சு? நான்தானே விட்டேன். தானா விட்டவளுக்கு எவன் குடுப்பான்?”

“முன்கூட்டியே சொல்லிட்டு வந்தவங்களுக்கும் உண்டு. எங்க பட்டறைக்காரர் பொண்டாட்டி வாங்கறா. மாசாமாசம் உன் சம்பளத்துல பிடிச்சாங்களே, அது யாரு வீட்டுக் காசு?”

“கூப்பிட்டுக் குடுக்கறாங்கன்னா உள்ள ஏதோ இருக்குங்க.”

“உள்ள நாலு நாற்காலி இருக்கு. போய் உட்காரு, பேரைக் கூப்பிடுவாங்க.”

பேரைக் கூப்பிடுவதில்தான் சிக்கல். வேலை பார்த்த வருடங்களையும் சம்பளத்தில் பிடித்ததையும் பதியும் காப்பீட்டுப் புத்தகம் சென் பேரில் இருந்தது. சென்னே நேரில் வந்து அட்டையைக் காட்டி விரல் வைக்க வேண்டும். விட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் கெடு. கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டு, கடைசியில் லாய் ஊருக்குப் போன் போட்டாள்.

“வியாழக்கிழமை வந்துடறேன்” என்றாள் சென். பஸ் காசு யார் தருவது என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைப்பதற்கு முன், “ஆமா, அந்தப் புத்தகத்துல எத்தனை வருஷம் இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

லாய்க்குக் குழந்தை பிறந்தபோதுகூட வராதவள் சென். இப்போது ஏன் ஓடி வருகிறாள்? பணம் விழும் வங்கிக் கணக்கும் சென் பேரில்தான். கார்டு லாயிடம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் சென் அடையாள அட்டையை நீட்டினால் புதுக் கார்டு கொடுத்துவிடமாட்டார்களா?

“அவ உன் அக்காடி” என்றான் லாம்.

“அக்காங்கறதாலதான் சொல்றேன். உங்களுக்கு அவளைத் தெரியாது.”

வியாழக்கிழமை காலை சென் விரால் கருவாட்டு மூட்டையும் முப்பது வாத்து முட்டையும் கொண்டுவந்து இறங்கினாள். முட்டையை லாமிடம் கொடுத்தாள். கருவாட்டை ஆணியில் மாட்டினாள். கக்கத்தில் இருந்த நீல பிளாஸ்டிக் உறையை மட்டும் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போகும்போதும் அது கூடவே போயிற்று.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இவர்களுக்கு முன்னால் இருபது பேர் இருந்தார்கள். லாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“அக்கா, அந்த உறையில என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததையா குளிக்கத் தூக்கிட்டுப் போன?”

“வெச்சுட்டுப் போயிருந்தா நீ பிரிச்சுப் பாத்திருப்ப.”

அது உண்மை. இன்னும் இரண்டு பேர் உள்ளே போனதும் சென்னே உறையைத் திறந்து ஒரு காகிதத்தை அவள் மடியில் போட்டாள். கா மாவில் இருக்கும் ஓர் இறால் தொழிற்சாலையின் கடிதம். இந்தப் பெயரில் உள்ளவர் பின் யூங்கில் வேலையில் இருப்பதாகக் காப்பீட்டுப் பதிவு காட்டுவதால் நிரந்தரமாகச் சேர்க்க இயலவில்லை என்று எழுதியிருந்தது. தேதி மூன்று வருடத்துக்கு முந்தியது.

“சின்னவன் வயித்துல இருந்தப்ப கேட்டுப் போனேன்” என்றாள் சென். “சேத்திருந்தா பிரசவத்துக்குக் காசு வந்திருக்கும். தினக்கூலிக்கு இறால் தலை கிள்ளினேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா விட்டுட்டு வந்திருப்பியா? இப்ப நீயா விட்டுட்ட. அங்க மறுபடி ஆள் எடுக்கறாங்க, நாப்பது வயசு வரைக்கும்தான். பதினொண்ணாம் மாசம் எனக்கு நாப்பது. விரல் வெக்கறேன், காசை நீ வாங்கிக்க. பேரை எனக்கு விட்டுடு.”

“எத்தனை வருஷம்னு எதுக்குக் கேட்ட?”

“என் பேர்ல நான் எத்தனை வருஷம் உழைச்சிருக்கேன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

லாய் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். நிஜ முத்திரைதான்.

“பாத்துட்டியா?” என்று கேட்டுவிட்டு சென் காகிதத்தை வாங்கி உறைக்குள் வைத்தாள்.

எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் விதிகள் ஒட்டியிருந்தன. உதவித்தொகை அதிகபட்சம் ஒரு வருடம். இடையில் வேலையில் சேர்ந்தால் அன்றோடு நின்றுவிடும். லாமின் கைப்பேசியில் போன வாரமே லாய் அதைப் படித்திருந்தாள். சென் விரலை வைத்தால் லாய்க்கு ஒரு வருடப் பணம். அந்த ஒரு வருடமும் சென் என்கிற பேருக்கு எங்கும் வேலை இருக்கக் கூடாது. பதினொன்றாம் மாதம் அதற்குள் வந்து போய்விடும். சென் சுவர்ப் பக்கம் பார்க்கவே இல்லை, தன் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் போதும். பத்தொன்பது வருடம் சும்மா இருந்தவளுக்கு இன்னும் பத்து நிமிடம் பெரிதா?

“லெ தி சென்.”

இரண்டு பேரும் எழுந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “இதுல யாரு சென்?”

“பேரு இவங்களோடது. வேலை பாத்தது நான்” என்றாள் லாய்.

சென் அவள் இடுப்பைக் கிள்ளினாள். பையன் பேனாவைக் கீழே வைத்தான்.

“இதை எழுதிக்கவா? இல்ல, வெளியில போய் டீ குடிச்சுட்டு யோசிச்சு வரீங்களா?”

நல்லவனாகச் சொல்கிறானா, ஆழம் பார்க்கிறானா என்று லாய்க்குப் பிடிபடவில்லை. “எழுதிக்குங்க.”

அவன் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை உருவினான். அடியில் அதே தாள் ஒரு கட்டாக இருந்தது. “அவங்க பேரை விடுவிக்க வழி இருக்கு. உங்க வருஷம் உங்களுக்கு வருமான்னு மேல கேக்கணும். அதுக்குள்ள கெடு தாண்டிடலாம். காசுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

“அவங்க பேரு எப்ப விடும்?”

“உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் இன்னிக்கே போட்டா, பதினொண்ணாம் மாசத்துக்கு முன்னாடி ஆகலாம்.”

பதினொன்றாம் மாதம் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திக்கென்றது லாய்க்கு. பிறகுதான் கண்ணாடிக்குப் பக்கத்தில் சென்னின் அட்டை கிடப்பதைப் பார்த்தாள். பிறந்த மாதம் அதில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் பேசியதும் கண்ணாடிக்குப் பின்னால் கேட்டிருக்கும்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் சென் வெடித்தாள்.

“பைத்தியம். விரல் வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“வெச்சிருந்தா ஒரு வருஷம் நீ வேலைக்குப் போக முடியாது. சுவத்துல போட்டிருந்தது.”

சென் அவள் பக்கம் திரும்பினாள். “சுவத்துல பாத்தியா? நீ அந்தப் பக்கம் நிமிரவே இல்லையே, நான் பக்கத்துலதானே இருந்தேன்.”

லாய் ரோட்டின் வளைவைப் பார்த்தாள்.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“பஸ் வருது, ஏறு.”

பஸ் இன்னும் வரவில்லை. சென் நீல உறையை லாய் நின்ற பக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.