அண்டாவுக்குள் போன கத்தரிக்காரி

போட்டிக்குச் சிலை செய்கிறவனின் பாதி ஆயுள், ஒன்றரை அடி மாதிரிச் சிலையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதிலும், அதையே மடியில் வைத்துக்கொண்டு திரும்புவதிலும் கழிகிறது. என்னைப் போல அப்படி அலைந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நடுரோட்டில் என் சிலை ஒன்றாவது நிற்க வேண்டும் என்பது என் இருபது வருஷத்து ஆசை.

ஜாடை

முதல் தோல்வி பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியிலேயே நடந்தது. நாற்சந்தியில் விவசாயி சிலை வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு போட்டியில் சேர அபேட்சை எழுதிக் கொடுத்தேன். மண்வெட்டியைத் தோளில் போட்டு வரப்பில் நிற்கும் ஆள். முகத்துக்கு எங்கே போவது? பக்கத்து வயல்காரரின் முகத்தையே வைத்துவிட்டேன்.

அவர் போன பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நின்று தோற்றவர் என்பது மண் பிசையும்போது எனக்கு நினைவில்லை. அவரைத் தோற்கடித்த மெம்பர்தான் சிலையைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகவே சொன்னார்:

"ஏனுங்க, தோத்தவனுக்குச் சிலை வெச்சா, ஜெயிச்ச நானு எங்கீங்க போயி நிக்கிறது?"

கூடை

வேண்டாமென்று திரும்பிய சிலையை என்ன செய்வது? நம்மில் சிலர் அலமாரி மேல் ஏற்றிவிடுவார்கள், சிலர் ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் தண்ணீர் அண்டாவில் போட்டுவிடுவேன். சுடாத களிமண்தானே, விடிந்தால் வெறும் சேறு. மனசும் கொஞ்சம் லேசாகும். அடுத்த சிலைக்கு அதே மண்.

அப்படி நல்லேப்பிள்ளி விவசாயியைக் கரைத்த மண்ணில்தான் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணைச் செய்தேன். வண்டிப்பெரியார் பக்கம் ஒரு எஸ்டேட் முக்கில் சிலை வைக்கப் போட்டி. முதுகில் கூடை, இரண்டு விரலில் கொழுந்து, உதட்டில் சிரிப்பு. பார்த்துச் செய்தது தேயிலைப் பாக்கெட் படத்தை. நெல் வயல்காரனுக்கு வேறென்ன தெரியும்!

கமிட்டியில் தொழிலாளர்கள் சார்பில் செல்லக்கனி என்ற அம்மாள் இருந்தார். முப்பது வருஷமாகக் கொழுந்து எடுப்பவர். கூடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தக் கூடையெல்லாம் எங்கம்மா காலத்தோட போச்சுண்ணே. இவ வேல செய்யல, போட்டாவுக்கு நிக்கா."

கத்தரி

சுருக்கென்று தைத்தாலும் அவர் சொன்னது நியாயம். கமிட்டியும், திருத்திக் கொண்டுவாருங்கள் என்று ஒரு மாதம் தவணை கொடுத்தது. செல்லக்கனியே என்னை மலைச்சரிவுக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் மழையில் நின்று காட்டினார். இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய கத்தரி, அதன் மேல் கொழுந்து விழ ஒரு பெட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட், காலில் ரப்பர் பூட்ஸ். வெட்டி வெட்டி அவருடைய வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது. அந்த இறக்கம் மண்ணில் வந்தபோது, இதுதான் நான் செய்ததிலேயே நல்ல சிலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செல்லக்கனியும் பார்த்துவிட்டுத் தன் தோளைத் தடவிக்கொண்டார்.

ஜெயித்தது வேறொருவருடைய சிலை. முதுகில் கூடையும் உதட்டில் சிரிப்பும் இருந்தன. எழுந்து காரணம் கேட்டேன். கமிட்டித் தலைவர் சலிக்காமல் விளக்கினார்:

"டூரிஸ்ட்டுக்கு தேயிலைன்னா கூடைதான் சார். கத்தரியோட நின்னா தலைமுடி வெட்ட வந்தவள்னு நெனச்சுப் போயிருவான்."

அண்டா

பொள்ளாச்சி பஸ்ஸில் வரும்போதே அழுகை முட்டியது. வந்ததும் வழக்கம்போல அண்டா. "ஒரு நாளாச்சும் ஊட்டுல வெச்சுப் பாத்திருக்கலாமல்லங்க" என்று மனைவி சொன்னதற்கு எரிந்துவிழுந்தேன்.

நாலு மாதம் கழித்துச் செல்லக்கனி ஃபோன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்களாம், எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்து மகனோடு போகிறாராம். அந்தக் கத்தரிக்காரியைத் தர முடியுமா, இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தேன் என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். இருபது வருஷத்தில் என் சிலை வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள். கரைத்துவிட்டேன் என்று எப்படியோ சொன்னேன். வேறொன்று செய்து தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்டார்:

"அந்தச் சிலைக்குத்தானண்ணே ரெண்டு நாள் மழையில நின்னேன். கமிட்டிதான வேண்டாம்னுச்சு, நானா சொன்னேன்?"

அதற்குப் பிறகு தோற்றுத் திரும்பிய எந்தச் சிலையையும் நான் கரைப்பதில்லை. வீட்டு நாற்காலிகளில் எல்லாம் அவைதான் உட்கார்ந்திருக்கின்றன, கேட்டு ஃபோன் செய்யத்தான் ஆளில்லை.