ஒரு ஸ்டேஜ் முன்னால் இறங்கியவன்

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, என் போனை வாங்கி அவளே எங்களுக்கு ஒரு ஆட்டோ வரவழைத்துக் கொடுத்தாள். சாந்தோமில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் போன் ஒரு தரம் துள்ளியது. எடுத்துப் பார்த்தால் திரை முழுக்கக் கலர் பலூன்கள். ‘வாழ்த்துகள்! இந்தப் பயணத்தில் நீங்கள் முப்பத்திரண்டு ரூபாய் சேமித்திருக்கிறீர்கள்.’

வயிறு முட்டப் பிரியாணி தின்றுவிட்டு ஆட்டோவில் சாய்ந்தபடி வந்தவனுக்குச் சேமித்தவன் என்று பட்டம்! எங்கள் காலத்தில் முப்பத்திரண்டு ரூபாய் சேமிப்பதென்றால் ஒரு ஜோடி செருப்பாவது தேய்ந்திருக்கும்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஸ்டெல்லா சொன்னாள்: “இது அன்னைக்கே இருந்திருந்தா நமக்குத் தரமணியில ஒரு கிரவுண்டு நெலம் இருந்திருக்கும்.”

இதைச் சொல்ல அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும். உங்களுக்கு விஷயம் தெரியாதில்லையா, சொல்கிறேன்.

அப்போது எனக்குத் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை ஆபீசில் வேலை. தங்கியிருந்தது சாந்தோமில், மூன்று பேர் சேர்ந்து எடுத்த ஒரு அறையில். நான் அப்போது எப்பேர்ப்பட்ட சிக்கனக்காரன் என்று நானே சொன்னால் தற்பெருமையாகிவிடும். இருந்தாலும் சொல்கிறேன். அறை நண்பர்கள் தேய்த்துத் தூக்கிப் போடும் சோப்புச் சில்லுகளைச் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்துக் குளிப்பேன். அதில் பச்சை, சிவப்பு, வெள்ளை என்று எல்லா நிறமும் இருக்கும். வாசனை மட்டும் எந்த சோப்புக்கும் சொந்தமில்லாத ஒரு வாசனை. இன்றைக்கும் ஏதாவது ஓட்டலில் குட்டி சோப்பைப் பிரித்தால் கை தானாகவே அதை உருட்டப் பார்க்கிறது.

என் மாஸ்டர்பீஸ் அதுவல்ல, பஸ் டிக்கெட். பட்டினப்பாக்கம் பஸ்ஸில் லஸ் வரைக்கும் ஒரு கட்டணம். லஸ்ஸைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஜ், காசு கூட. நான் லஸ்ஸிலேயே இறங்கி, கச்சேரி ரோடு வழியாக நடந்தே சாந்தோம் போய்விடுவேன். மிச்சமான சில்லறை ஜாம் பாட்டிலுக்குள் போகும். பாட்டில் நிறைந்தால் தபால் ஆபீஸ். அந்த பஸ்ஸில் வழக்கமாக வரும் கண்டக்டருக்கு இது புதிராகவே இருந்தது. ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டே விட்டார்.

“இன்னா சார், தெனம் இங்கியே எறங்கி நடந்துக்கினு போறியே, சுகரா?”

பஸ்ஸே சிரித்தது. ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டேன். சிக்கனக்காரன் என்று பெயர் எடுப்பதைவிடச் சர்க்கரை வியாதிக்காரன் என்று பெயர் எடுப்பதில் கொஞ்சம் கௌரவம் இருக்கிற மாதிரி அந்த வயதில் தோன்றியது.

கச்சேரி ரோட்டுக்கு ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு வாசனை உண்டு. காப்பிக்கொட்டை அரைக்கிற வாசனை முடிகிற இடத்தில் நாட்டு மருந்துக் கடை ஆரம்பிக்கும். லஸ் முனையிலேயே ஒரு சின்னக் கடையில் ரோஸ்மில்க். கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றுவார்கள். வெயிலில் நடந்து வருகிறவனின் கண்ணுக்கு அந்த ரோஸ் நிறம் என்னென்னவோ செய்யும். ஒரு டம்ளர் குடித்தால் ஒரு வாரம் நடந்த நடை வீண். ஆகவே அந்தக் கடை வந்ததும் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

அப்படி எதிர்ப்பக்கம் போன ஒரு சாயங்காலம்தான், எனக்கு முன்னால் குடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று நின்று திரும்பினாள்.

“மிஸ்டர், தெனமும் லஸ்ல எறங்கி என் பின்னாடியே வர்றீங்க. எங்க அண்ணன் போலீஸ்ல இருக்காரு, தெரியுமா?”

இரண்டடி பின்வாங்கினேன். “மேடம், நான் உங்க பின்னாடி வரலை. ஒரு ஸ்டேஜ் காசு மிச்சம் பிடிக்கிறேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் குடையை மடக்கினாள். “நானும் அதுக்குத்தான் நடக்குறேன்” என்றாள்.

அந்தக் குடும்பத்தில் போலீஸும் கிடையாது, அண்ணனும் கிடையாது என்பது பின்னால் தெரிந்தது. ஸ்டெல்லா மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம் தி. நகரில் ஒரு வீட்டில் டியூஷன் முடித்துவிட்டு அதே பஸ்ஸில் வருவாளாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே எதிர்ப்பக்கம் போனோம். ரோஸ்மில்க் கடையை நான் ஓரக்கண்ணால் பார்த்தால், “வீடு வாங்கினப்புறம்” என்பாள். சினிமா காதலர்கள் நிலாவைக் காட்டி வாக்குக் கொடுப்பார்கள். நாங்கள் ரோஸ்மில்க்கைத் தள்ளிப் போட்டு வாக்குக் கொடுத்துக்கொண்டோம்.

கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது அவள் அப்பா. ரிட்டயரான டிராயிங் மாஸ்டர். அவர் முன்னால் நான் சிக்கனத்தில் எல்.கே.ஜி. பக்கத்து வீட்டுப் பேப்பரை மறுநாள் காலையில் இரவல் வாங்கிப் படிப்பார். “செய்தி என்ன, ஊசியா போயிடும்?” என்பார். ஆகையால் அவர் எப்போதும் உலகத்துக்கு ஒரு நாள் பின்னால்தான் இருந்தார். இந்தியா தோற்ற மேட்சை மறுநாள் ஜெயித்துவிடுவோம் என்று நம்பிக்கையோடு பேசிக்கொண்டிருப்பார். விருந்தாளி வந்தால் ஜன்னலைத் திறப்பாரே ஒழிய ஃபேன் போட மாட்டார். அந்த வீட்டில் மே மாதம் பேசப்போன என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தபோது, கடைசி வார்த்தையாகச் சொன்னார்:

“தம்பி, வாடகை வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன். உங்க பேர்ல ஒரு கிரவுண்டு காட்டுங்க, அப்புறம் பேசலாம். இந்தக் கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல வேற எடம் பார்த்துடுவேன்.”

எங்கள் இருவரின் ஜாம் பாட்டில்கள், தபால் ஆபீஸ், ஆபீசில் வாங்கின அட்வான்ஸ் எல்லாம் சேர்த்தால், அப்போது புதர் மண்டிக்கிடந்த தரமணியில் ஒரு கிரவுண்டுக்கு முன்பணம் தேறியது. நிலத்துக்காரர் அடையாறு காந்தி நகரில் இருந்த ஒரு பெரியவர். பெங்களூரில் மகன் வீட்டுக்குக் குடிபோகிற அவசரத்தில் இருந்தார். “சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பணத்தோட வாங்க. இன்னொரு பார்ட்டியும் கேட்டுக்கிட்டிருக்காங்க, ரெண்டு நிமிஷம்கூட காத்திருக்க மாட்டேன்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை பணத்தைச் சட்டைக்குள் பனியனோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பனகல் பார்க் பக்கம் வந்து ஆட்டோவைக் கை காட்டினேன்.

“அடையாறா? நாப்பது குடு சார்.”

“இருபத்தஞ்சு.”

“இருபத்தஞ்சுக்கு நீ ஓட்டு சார், நான் பின்னாடி குந்திக்கினு வரேன்.”

அவன் போய்விட்டான். அடுத்தவனும் அதே நாற்பதுதான் கேட்டான். வாழ்க்கையே அந்தச் சவாரியில்தான் இருக்கிறது என்று மண்டைக்குத் தெரிகிறது. ஆனால் நாற்பது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிவிட்டதே, என்ன செய்ய? சரி, பஸ்ஸில் போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். சைதாப்பேட்டை நெரிசலை எல்லாம் தாண்டி வண்டி நல்லபடியாகவே போயிற்று. மத்திய கைலாஷ் வந்தது. அடுத்த ஸ்டேஜ் அடையாறு.

நான் இறங்கிவிட்டேன்.

சத்தியமாக யோசித்து இறங்கவில்லை. கேட்டதே மத்திய கைலாஷ் டிக்கெட்டுதான் என்பது, பஸ் என்னைத் தாண்டிப் போன பிறகுதான் உறைத்தது. அங்கிருந்து காந்தி நகருக்கு, வயிற்றில் பணக்கட்டு குலுங்க, ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. பெரியவர் வாசலில் நின்று யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார். “அடடா, இப்பத்தான் தம்பி அவர்கிட்ட முன்பணம் வாங்கினேன்” என்றார். முன்பணம் கொடுத்தவர் என் கண் முன்னாலேயே ஓர் ஆட்டோவில் ஏறிப் போனார். பேரம் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இருட்டுவதற்குள் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவள் அப்பாவைப் பார்த்தே சொன்னேன்.

“சார், நிலம் போயிடுச்சு. லேட்டாயிடுச்சு.”

“ஆட்டோல போக வேண்டியதுதானே?”

“நாப்பது ரூபா கேட்டான் சார்.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “நாப்பதா? தி. நகர்ல இருந்து அடையாறுக்கா? பகல் கொள்ளையால்ல இருக்கு! நீங்க எவ்வளவு கேட்டீங்க?”

“இருபத்தஞ்சு.”

“அதுவே ஜாஸ்தி.” மறுபடி உட்கார்ந்துகொண்டு, “சரி, பஸ்ல போனாலும் நேரத்துக்குப் போயிருக்கலாமே?”

“ஒரு ஸ்டேஜ் முன்னாடி எறங்கிட்டேன் சார். பழக்கதோஷம்.”

ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். கட்டடத்தைப் படம் வரைவதற்கு முன்னால் அளந்து பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“ஸ்டெல்லா, மாப்பிள்ளைக்கு ஃபேன் போடு.”

ஃபேன் பல நாளாக ஓடாததால் முதல் சுற்றில் எங்கள் எல்லோர் தலையிலும் தூசியைக் கொட்டியது. அதைத்தான் நான் அட்சதையாக எடுத்துக்கொண்டேன். நிலம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. “நெலம் இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வாங்கிக்கலாம். இந்தப் புத்தியைக் கடையில வாங்க முடியாது” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாணத்துக்கு நாள் பார்த்தவரும் அவர்தான். மாதா கோயிலில் எங்களுக்கு முந்தின பூசையில் ஒரு பணக்காரக் கல்யாணம். அவர்கள் கோயிலுக்குச் செய்த பூ அலங்காரத்திலேயே எங்கள் கல்யாணமும் முடிந்தது. போட்டோவில் பார்த்தால் ஜமீன் கல்யாணம் மாதிரி இருக்கும்.

பிறகு நடந்தே, சேர்த்தே, இந்தச் சாந்தோம் ஃப்ளாட்டை வாங்கினோம், மகளைப் படிக்க வைத்தோம். தரமணியில் அந்தப் புதர் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஸ்டெல்லா அதற்கு ஒரு சலாம் வைப்பாள்.

பலூன் வந்த மறுநாள் தி. நகர் போய்விட்டு இரண்டு பேரும் பஸ்ஸிலேயே திரும்பினோம். இப்போதுதான் பெண்களுக்கு டிக்கெட் இலவசமாயிற்றே. லஸ் வந்ததும் நான் பழைய பழக்கத்தில் எழுந்தேன். ஸ்டெல்லா எழவில்லை.

“நீங்க எறங்கி நடங்க. எனக்கு ஃப்ரீ. நான் எதுக்கு நடக்கணும்?”

பஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஜன்னலில் இருந்து கையாட்டினாள். அந்த ரோட்டில் நான் நடந்தே எத்தனையோ காலம் ஆயிற்று. மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு அடித்து, லஸ் முனையே அடையாளம் தெரியவில்லை. காப்பிப்பொடி வாசனையைக் காணோம், சிமென்ட் வாசனைதான். சரி, தட்டிக்கேட்க ஆள் இல்லை, ஒரு ரோஸ்மில்க் குடித்துவிடலாம் என்று எதிர்ப்பக்கத்தில் இருந்து இந்தப் பக்கம் வந்தேன். கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். வீடு வாங்கினோம், ரோஸ்மில்க் குடிக்க மட்டும் மறந்துவிட்டோம்.

போன் அடித்தது. “எங்க நிக்குறீங்க?”

“ரோஸ்மில்க் கடைகிட்ட.”

“அது மூடி எத்தனையோ வருஷமாச்சேங்க.”

நான் அங்கே தொங்கிய போன் கவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்டெல்லா சொன்னாள்: “விடுங்க. ரெண்டு டம்ளர் காசு மிச்சம். மெதுவா நடந்து வாங்க.”